முகம் பார்க்காத அறை

ஆலோசனை மையத்தின் இணையப் பக்கத்தில் அவளைப் பற்றிப் போட்டிருப்பதைப் படித்தால் யாருக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கும். நான்கு நாடுகளில் வளர்ந்தவர், ஐந்து மொழி பேசுபவர், அம்மா ஓர் இனம், அப்பா வேறோர் இனம், பல பண்பாட்டு அணுகுமுறையில் பதினாறு ஆண்டு அனுபவம் உள்ள உளவியலாளர். அப்பா பாலம் கட்டும் இன்ஜினியர். ஓர் ஆற்றின் மேல் பாலம் முடிந்ததும் அடுத்த ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார். பின்னாலேயே பெட்டி, பாத்திரம், பெண்டாட்டி, பிள்ளை. அந்த அலைச்சலுக்குத்தான் இணையப் பக்கத்தில் ‘வளமான பின்னணி’ என்று பெயர். வரவேற்பு மேசைப் பெண்மணிக்கு இவ்வளவு நீளமெல்லாம் ஒத்துவராது. அவள் சுருக்கமாக அட்லஸ் என்று வைத்துவிட்டாள். “அட்லஸ் மேடம், உங்க பத்தரை மணி ஆளு வந்தாச்சு” என்பாள். மேடத்துக்கும் உள்ளூர அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அட்லஸிடம் ஒரு தடித்த பச்சைக் கோப்பு உண்டு. எந்த இனத்து ஆள் வந்தாலும் முதலில் அந்தக் கோப்பைப் புரட்டிவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். இவர்களிடம் கை நீட்டக் கூடாது, இவர்களிடம் வயதைக் கேட்கக் கூடாது, இவர்களிடம் குடும்பத்தை விசாரிக்காமல் பேச்சைத் தொடங்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள். பாதி, புத்தகத்தில் படித்தது. மீதி, சின்ன வயதில் அவளே கண்ணால் கண்டது. கண்ணால் கண்டதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம் போடுவாள். நட்சத்திரம் விழுந்துவிட்டால் அப்புறம் அதற்கு அப்பீலே கிடையாது. தெரியாது என்று சொல்கிறவளுக்கு நாலு பேர் சொல்லிக் கொடுப்பார்கள். தெரியும் என்று நட்சத்திரம் போட்டு வைத்திருப்பவளுக்கு யார் போய்ச் சொல்வது?

லிஃப்ட் மெக்கானிக் அவளிடம் வந்தது தன் விருப்பத்தால் அல்ல, குழந்தைகள் நல அலுவலகம் அனுப்பியதால். அவர் மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் மூன்று மாதம் மனிதர் இந்த உலகத்திலேயே இல்லை. ஏழு வயது மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர இரண்டு முறை மறந்தார். மூன்றாவது முறையும் மறந்தபோது ஆசிரியை நேராக அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டாள். குழந்தையை எடுத்து, அதே ஊரில் இருந்த அவருடைய அக்காவிடம் விட்டார்கள். அவர் தேறி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார், வீட்டைத் துடைத்து வைத்தார், சமைக்கக்கூடக் கற்றுக்கொண்டார். ஆனால் எடுத்த குழந்தையைத் திருப்பி வாங்குவது அவ்வளவு சுலபமா?

உத்தரவு இதுதான். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை, முக்கால் மணி நேரம், உளவியலாளரின் அறையில், அவள் முன்னிலையில் மட்டுமே அப்பாவும் மகளும் சந்திக்கலாம். வெளியே பார்க்கக் கூடாது, போனில் பேசக் கூடாது. எட்டு வாரம் முடிந்ததும் அவள் அறிக்கை எழுத வேண்டும். இதற்கு நடுவில் அக்காவின் கணவருக்கு வெளிநாட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. மாதக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கும் குழந்தையை எல்லை தாண்டி அழைத்துப் போக அனுமதி இல்லை. ஆகவே அறிக்கை நல்லபடியாக வந்தால் குழந்தை அப்பாவிடம் போகும். இல்லாவிட்டால் காப்பகத்துக்குப் போகும்.

அட்லஸ் கோப்பைப் புரட்டினாள். மெக்கானிக்கின் இனத்தவருக்கென்று இருந்த பக்கத்தில் ஒரே ஒரு குறிப்புதான், அதுவும் நட்சத்திரக் குறிப்பு. ‘முகத்துக்கு நேரே பார்க்கக் கூடாது. பார்ப்பது அவமரியாதை.’ ஒன்பது வயதில் அவர்கள் நாட்டில் இரண்டு வருடம் இருந்திருக்கிறாள். கீழ் வீட்டில் அந்த இனத்தார்தான் குடியிருந்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் அந்த வீட்டார் ஒரு நாள்கூட அட்லஸ் குடும்பத்தின் முகத்தைப் பார்த்ததில்லை. படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள். எவ்வளவு பணிவான மக்கள் என்று சின்ன அட்லஸ் வியந்து போயிருக்கிறாள்.

குழந்தையைச் சேர்ப்பதற்கு முன் அவரை மட்டும் இரண்டு வாரம் தனியாகப் பார்த்தாள். முதல் நாள் அவர் வேலை உடுப்போடே வந்தார். கையைக் கால்சட்டையில் இரண்டு தரம் துடைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அட்லஸ் சட்டென்று பார்வையைத் தாழ்த்தி, அவர் சட்டையின் மூன்றாவது பொத்தானில் நிறுத்திக்கொண்டாள். முக்கால் மணி நேரமும் பொத்தானோடுதான் பேசினாள். அடுத்த வாரம் அவரும் உள்ளே வரும்போதே தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். அட்லஸுக்கு ஏக சந்தோஷம். ‘தன் பண்பாடு மதிக்கப்படுவதை உணர்கிறார். இயல்பாக இருக்கிறார்’ என்று எழுதி வைத்தாள்.

மூன்றாவது வாரம் குழந்தை வந்தது. உத்தரவில் சொன்ன எட்டு வாரக் கணக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது. இரண்டு சிண்டு, முழங்காலில் ஒரு பிளாஸ்திரி, கையில் ஒரு துணி முயல். அப்பா குனிந்து அதைக் கட்டிக்கொண்டார். பிறகு போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தரைவிரிப்பைப் பார்த்தார்.

“பாப்பா, சாப்டியா?” என்று தரைவிரிப்பிடம் கேட்டார்.

“ம்” என்று முயலிடம் சொன்னது குழந்தை.

“ஸ்கூல்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?”

“கழித்தல்.”

இப்படியே போனது. அவர் தரையைப் பார்ப்பார், குழந்தை முயலைப் பார்க்கும், அட்லஸ் பொத்தானைப் பார்ப்பாள். மூன்று பேர் அறைக்குள் முகத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருந்திருக்கும், யாராவது கதவைத் திறந்து பார்த்திருந்தால். இரண்டாவது செவ்வாயிலிருந்தே அட்லஸுக்குக் குழப்பம் தொடங்கிவிட்டது. வழக்கம் சரிதான், மரியாதை சரிதான். பெற்ற பிள்ளையிடம் கூடவா? கீழ் வீட்டார் தங்கள் பிள்ளைகளைப் பார்த்தார்களா இல்லையா என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். பிடிபடவில்லை. வழக்கம் என்றால் விட்டுவிடலாம். வழக்கம் இல்லை என்றால்? துக்கமா? வெறுப்பா?

அவரிடமே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும்தான் கேட்கிறேன். ஆனால் ஒருவருடைய வழக்கத்தை அவரிடமே ‘ஏன்?’ என்று கேட்பது அவரைக் கூண்டில் ஏற்றுவதற்குச் சமம் என்று அவள் படித்திருந்தாள். படிப்பு சில சமயம் வாயில் பூட்டுப் போட்டு, சாவியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஐந்தாவது செவ்வாய், குழந்தையைக் கூட்டிவந்த மெக்கானிக்கின் அக்கா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். “இவ அப்படியே இவங்கம்மா ஜாடை. அதே நெத்தி, அதே மூக்கு. உரிச்சு வெச்சிருக்கு.” அட்லஸுக்கு உடனே மண்டையில் ஒரு விளக்கு எரிந்தது. இறந்த மனைவியின் முகம் மகளிடம் இருக்கிறது, அதனால்தான் மனிதரால் பார்க்க முடியவில்லை! பாடப் புத்தகத்தில் போடலாம் போல அவ்வளவு கச்சிதமான விளக்கம். குழந்தையும் அப்பா முகத்தைப் பார்ப்பதில்லை, ஆகவே அதுவும் மனத்தால் விலகிவிட்டது. எல்லாம் கணக்காகப் பொருந்தி வந்தது. பொருந்தி வந்தது என்பதற்காகவே கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், படவில்லை.

இருந்தாலும் எட்டாவது செவ்வாய் முடிந்து அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அவளுக்குக் கை ஓடவில்லை. ‘வழக்கம்’ என்று எழுதினாள், அடித்தாள். ‘துக்கம்’ என்று எழுதினாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. கடைசியில் இரண்டையும் கலந்து எழுதினாள். பார்வையைத் தாழ்த்துவது இவர்கள் பண்பாட்டில் உண்டு. ஆனாலும் எட்டு வாரமும் மகளின் முகத்தை ஒரு முறைகூடப் பார்க்காதது பண்பாட்டையும் தாண்டியது. உறவில் ஆழமான முறிவு தெரிகிறது. இப்போதைக்குத் திருப்பி அனுப்பப் பரிந்துரைக்க இயலாது. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். புதன்கிழமை மதியம் அறிக்கை அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஒரு பிரதி சட்டப்படி அக்காவுக்கும் போனது.

வியாழன் காலை அக்கா வந்தாள். வந்தாள் என்று சொன்னால் போதாது, புயலாக நுழைந்தாள். வரவேற்பு மேசைப் பெண்மணி “முன்பதிவு இருக்கா?” என்று கேட்டு முடிப்பதற்குள் அட்லஸின் அறைக் கதவு சுவரில் மோதியது.

“இது யாரு எழுதுனது? நீங்கதானே?”

“உக்காருங்கம்மா…”

“நான் உக்கார வரல. எங்க ஆளுங்க முகத்தைப் பாக்க மாட்டாங்களா? எந்தக் கூறுகெட்டவன் உங்களுக்குச் சொன்னான்? எங்க ஊர்ல பஸ்ல ஏறி உக்காந்தா, எதிர் சீட்டுக்காரன் நாம இறங்குற வரைக்கும் நம்ம மூஞ்சியத்தான் பாத்துட்டு வருவான். வெச்ச கண்ணு வாங்க மாட்டான். நாங்க பாத்தே ஆளக் கொன்னுடுவோம். எங்களப் போய்…” சொல்லிக்கொண்டே இரண்டு கண்ணையும் அகலத் திறந்து அட்லஸை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

அட்லஸ் பழக்க தோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, குனியக் கூடாதோ என்று நிமிர்ந்தாள். நிமிர்ந்தால் அந்தக் கண்ணைச் சந்திக்க வேண்டியிருந்தது.

“அப்போ… உங்க தம்பி ஏன் பாப்பாவப் பாக்கறதே இல்ல?”

அக்காவின் குரல் அங்கேதான் உடைந்தது. “அதான் எனக்கும் தெரியல. என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லம்மா. அவ பொறந்தப்ப, தொட்டில் பக்கத்துல சேரப் போட்டு உக்காந்து விடிய விடிய அவ மூஞ்சியவே பாத்துட்டு இருந்தவன். நீங்க படிச்சவங்க, அவன்கிட்ட என்னன்னு கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். கேட்டீங்களா?”

அட்லஸ் மேசை மேலிருந்த பச்சைக் கோப்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

“கேக்கவே இல்லையா?” என்றாள் அக்கா. இந்த முறை கத்தவில்லை. “நாளைக்குக் காலைல முடிவு பண்றாங்க. இருபத்தெட்டாம் தேதி எனக்கு ஃப்ளைட்டு. நான் அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொல்லிட்டுப் போவேன்?” என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அட்லஸ் பச்சைக் கோப்பைத் திறந்து அந்த நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா சொல்வது பொய்யா? அப்படியானால் கீழ் வீட்டார்? கண்ணால் கண்டது பொய்யாகுமா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த வீட்டைக் கண்ட இன்னொரு ஆள் உலகத்தில் உண்டு. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“கீழ் வீட்டுக்காரங்களா?” என்றாள் அம்மா. பின்னால் டி.வி. அலறிக்கொண்டிருந்தது. “யாரு, ரெண்டு பையனுங்க இருந்தாங்களே, அவங்களா? இப்ப எதுக்குடி அவங்க ஞாபகம்?”

“அவங்க நம்ம முகத்தையே பாக்க மாட்டாங்கல்ல? மரியாதைக்குத்தானே?”

“மரியாதையா?” அம்மா சிரித்த சிரிப்பில் டி.வி. சத்தம் அடங்கிப்போனது. “நாம அங்க போன மொத வாரமே உங்கப்பா வண்டிய ரிவர்ஸ் எடுக்கறேன்னு அவங்க புதுக் காரை இடிச்சு, கதவை அப்பளமா நொறுக்கிட்டாரு. நொறுக்குனவரு சும்மா இருந்தாரா? நீ ஏன் இங்க கொண்டாந்து நிறுத்துனேன்னு அவங்களோடயே சண்டைக்குப் போனாரு. அதுலேர்ந்து நாம கெளம்புற வரைக்கும் அவங்க நம்ம மூஞ்சியில முழிக்கல.”

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“ஒம்பது வயசுப் பிள்ளைகிட்ட உங்கப்பா வண்டவாளத்தையெல்லாம் தண்டவாளத்துல ஏத்தணுமாக்கும்? நீயும் அவங்களப் பாத்தா தலையக் குனிஞ்சுட்டுப் போவ. சரி, எப்படியோ விஷயம் தெரிஞ்சு எங்க பக்கம் நிக்கறான்னு உங்கப்பாவுக்கு அதுல ஒரே பெருமை.”

அட்லஸ் போனை வைத்தாள். பதினாறு வருட அனுபவம், ஐந்து மொழி, நான்கு நாடு. எல்லாம் ஒரு நொறுங்கிய கார்க் கதவின் மேல் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்து எத்தனை பேரிடம் எத்தனை வருடம் பொத்தானைப் பார்த்துப் பேசியிருக்கிறாள் என்று எண்ணத் தொடங்கி, பயந்து நிறுத்திக்கொண்டாள். வழக்கம் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் அதனால் நிலைமை மோசமாகத்தானே ஆனது? வழக்கம் இல்லை என்றால் அந்த மனிதர் தன் பிள்ளையை ஏன் பார்க்கவில்லை? அப்போது அறிக்கைதான் சரியோ? கோப்பை மூடிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மெக்கானிக் ஒரு பதினோரு மாடி அலுவலகக் கட்டடத்தில் வேலையில் இருந்தார். மேல்தளத்து இயந்திர அறையில் இருப்பதாகக் காவலாளி சொன்னார். லிஃப்ட்? அதைத்தானே அவர் கழற்றி வைத்திருக்கிறார்! அட்லஸ் பதினோரு மாடியும் ஏறினாள். ஏழாவது மாடியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இயந்திர அறைக்குள் நுழைந்தபோது அவளுக்குப் பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும்தான் வந்தது. கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தவர் திரும்பி, அவளைப் பார்த்ததும் பதறித் தலையைக் குனிந்துகொண்டார்.

“டாக்டரம்மா! பாப்பாவுக்கு எதுவும்…?”

“பாப்பா நல்லா இருக்கா. ஒண்ணு கேக்கணும். நீங்க… நீங்க ஏன் கீழயே பாத்துட்டு இருக்கீங்க?”

அவர் விழித்தார். தரையைப் பார்த்துத்தான் விழித்தார். “புரியலைங்க.”

“என் முகத்தைப் பாக்கறதில்ல. பாப்பா முகத்தையும் பாக்கறதில்ல. ஏன்?”

“நீங்க… உங்களுக்கு அது ஆகாதுல்ல?”

“எனக்கா?”

“மொத நாள் நான் உங்க மூஞ்சியப் பாத்துச் சிரிச்சேங்க. நீங்க வெடுக்குன்னு தலையக் குனிஞ்சுட்டீங்க. அப்புறம் நிமிரவே இல்ல. எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. ஏதோ மரியாதக் குறைவா நடந்துட்டேன் போலன்னு. வெளிய வந்து உங்களப் பத்திப் போட்டிருந்ததைப் படிச்சுப் பாத்தேன். நாலு நாட்டுல வளந்தவங்கன்னு இருந்துச்சு. சரி, அதுல ஏதோ ஒரு நாட்டுப் பழக்கம் போல, இவங்க முன்னாடி யாரும் யார் மூஞ்சியையும் பாக்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேன். என் பிள்ள உங்க கையில இருக்கு. உங்க மனசு கோணாம நடந்துக்க வேண்டாமா?”

அட்லஸ் அங்கிருந்த கருவிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவதென்று தெரியவில்லை. அவர் வழக்கம் என்று அவள் குனிந்திருக்கிறாள், அவள் வழக்கம் என்று அவர் குனிந்திருக்கிறார். இரண்டு பேரும் போட்டி போட்டு மரியாதை கொடுத்து, நடுவில் ஒரு குழந்தையைக் காப்பகத்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

“அது என் பழக்கமும் இல்லைங்க, உங்க பழக்கமும் இல்ல. யாரோட பழக்கமும் இல்ல. என் தப்பு. என் தப்பால எட்டு வாரம் நீங்க பாப்பாவப் பாக்காமலே…”

“பாக்காம எங்க இருந்தேன்?” என்றார் அவர். “காலப் பாத்துட்டு இருந்தேன்ல. கால் வளந்துடுச்சுங்க அவளுக்கு. மூணு வாரமா ஷூவுக்குள்ள விரல மடக்கி வெச்சுட்டுத்தான் உக்காந்திருக்கா, இறுக்குது. எங்கக்காவுக்கு நாலு பிள்ளைங்க, அது கவனிக்கல. நான் ஒரு சைஸ் பெருசா வாங்கி வெச்சிருக்கேன். குடுக்கலாமா கூடாதான்னு தெரியல. உங்ககிட்ட கேக்கவும் பயம்.”

வாரம் முக்கால் மணி நேரம் ஒரு மனிதர் மகளின் விரல் எத்தனை மடங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்ததைத்தான், ‘உறவில் ஆழமான முறிவு’ என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். அவமானத்தில் அட்லஸுக்குக் காது சுட்டது. “நாளைக்குக் காலைல அலுவலகத்துக்கு வாங்க. எல்லாத்தையும் பாருங்க, எல்லார் முகத்தையும் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் பதினோரு மாடியும் இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை, குழந்தைகள் நல அதிகாரியின் அறை. அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் எதுவும் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் அவருக்கு. அட்லஸ் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

“இருங்க. புதன்கிழமை உறவு முறிஞ்சுபோச்சுன்னு எழுதுனீங்க. இன்னைக்கு முறியவே இல்லன்னு சொல்றீங்க. நடுவுல ஒரு காரு வருது. அது யாரு காரு?”

“கீழ் வீட்டுக்காரங்க காரு.”

“எந்தக் கீழ் வீடு?”

“எனக்கு ஒம்பது வயசுல…”

“டாக்டர், இதை நான் எப்படிங்க பதிவுல எழுதறது? ‘உளவியலாளரின் தந்தை காரை இடித்தபடியால் குழந்தை திருப்பி அனுப்பப்படுகிறது’ன்னு எழுதட்டுமா?”

“என் அறிக்கையை நான் வாபஸ் வாங்கறேன். என்னை நம்ப வேண்டாம். அவங்க ரெண்டு பேரையும் உள்ள கூப்பிட்டு நீங்களே பாருங்க.”

கூப்பிட்டார்கள். மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். பின்னாலேயே அக்கா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை. அப்பா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். எட்டு வாரப் பசியோடு பார்த்தார். “பாப்பா” என்றார்.

குழந்தை தலையைக் குனிந்துகொண்டு முயலைப் பார்த்தது.

“பாப்பா, அப்பாவப் பாரும்மா.”

குழந்தையின் முகவாய் இன்னும் கீழே இறங்கி நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அக்கா தோளைத் தட்டிப் பார்த்தாள், நிமிரவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்து எதையோ எழுதத் தொடங்கினார். அட்லஸ் அந்தப் பேனாவையே பார்த்தாள். முதலில் எழுதியதுதான் சரியா? அப்பாவைப் பற்றித் தப்பாக எழுதினாள், சரி. குழந்தையைப் பற்றி எழுதியது நிஜமாகிவிட்டதா? எட்டு வாரம் முகம் காட்டாத அப்பாவை எந்தக் குழந்தைதான் மறுபடி பார்க்கும்? எது சரி, எது தப்பு, அவளுக்கு இனி எதுவுமே தெரியவில்லை. கோப்பில் தேட அந்தக் கோப்பும் கையில் இல்லை. தெரியாதவர்கள் செய்கிற ஒரே காரியத்தைத்தான் அப்போது அவள் செய்தாள். குழந்தைக்கு முன்னால் போய் முழங்காலிட்டு உட்கார்ந்து, கேட்டாள்.

“அப்பாவப் பாக்கப் பிடிக்கலையாடா கண்ணு?”

குழந்தை முயலின் காதைப் பிசைந்தது. பிறகு மெல்லச் சொன்னது. “நீங்க இருக்கீங்களே.”

“நான் இருந்தா என்னடா?”

“உங்க முன்னாடி பாக்கக் கூடாதுன்னு அப்பா மொத நாளே காதுல சொன்னாரு. அது டாக்டரோட பழக்கம், நாம மதிக்கணும், சரியா நடந்துக்கிட்டாதான் வீட்டுக்கு அனுப்புவாங்கன்னு.” குரல் இன்னும் தணிந்தது. “நான் ஒரு தடவகூடப் பாக்கல டாக்டர். ஒரு நாள் பாக்கணும் போல ரொம்ப வந்துச்சு. அப்பகூட முயலத்தான் பாத்தேன். எட்டு வாரமும் சரியாத்தானே செஞ்சேன்? இப்ப வீட்டுக்குப் போலாமா?”

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அட்லஸ் எவ்வளவோ பேரை அழவிட்டுப் பார்த்தவள், குழந்தையின் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதாள். அதிகாரி எழுதிய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

“போலாம்மா” என்றார் அவர். “இன்னைக்கே போலாம்.”

“அப்போ பாக்கலாமா?”

“பாரு கண்ணு” என்றாள் அட்லஸ். “எவ்வளவு வேணும்னாலும் பாரு.”

குழந்தை முதலில் அவளைத்தான் பார்த்தது, நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, அப்பாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தது. மெக்கானிக் இரண்டடி வைத்து அதன் முகத்தைக் கையில் ஏந்தினார். ஏந்தியவர், எதையோ கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“முன்பல்லு எப்ப பாப்பா விழுந்துச்சு?”

“அது ரெண்டாவது வாரமே விழுந்துடுச்சுப்பா” என்றது குழந்தை. “இது புதுசா மொளச்சது.”